பட்டுநூலியும் சௌராஷ்டிரமும்: குடிமதிப்பு அறிக்கைகளில் ஒரு குடும்பத்தின் முன்னோரைத் தேடுதல்

1. முன்னுரை

மதுரையில் நெசவுத் தொழிலை வழிவழியாகச் செய்துவந்த ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தின் மூத்தவர், தம் முன்னோர் வரலாற்றை எழுத விரும்பினார். எண்பது வயதைக் கடந்த அவர் நூலகங்களில் அமர்ந்து, சென்னை மாகாணக் குடிமதிப்பு அறிக்கைகளிலிருந்தும் மாவட்ட விவரச்சுவடியிலிருந்தும் குறிப்புகள் எடுத்து, ஒரு குறிப்பேட்டில் நிரல்படுத்தி வைத்திருந்தார். அக்குறிப்பேட்டை இக்கட்டுரையாளரிடம் தந்தபோது அவர் கேட்ட வினா ஒன்றே: “எங்கள் கொள்ளுப்பாட்டனார் ஒருவர்தான். அவரை இத்தனை பெயரில் எழுதியிருக்கிறார்களே, இதில் எது நாங்கள்?”

குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது அவ்வினாவின் நியாயம் விளங்கிற்று. ஓர் அறிக்கையில் அக்குடியினர் நெசவாளர் என்னும் பெருந்தொகுதிக்குள் மறைந்துள்ளனர். மற்றொன்றில் பட்டுநூல்காரர் எனப்படுகின்றனர். அவர்கள் மொழி ஓரிடத்தில் பட்டுநூலி, ஓரிடத்தில் கத்ரி, ஓரிடத்தில் சௌராஷ்டிரி, இன்றைய அட்டவணைகளில் குஜராத்தியின் உட்பிரிவு. வீட்டிலிருந்த தாள்களும் இவற்றோடு ஒத்துப்போகவில்லை. 1890களைச் சேர்ந்த வீட்டுக் கிரயப் பத்திரம் கொள்ளுப்பாட்டனாரைப் ‘பட்டுநூல்காரர்’ என்கிறது. 1920களைச் சேர்ந்த பள்ளிச் சான்று தந்தையாரைச் ‘சௌராஷ்டிர பிராமணர்’ என்கிறது. பேரனின் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி ‘தமிழ்’.

இம்முரண்களுள் எது பிழை, எது சரி என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒவ்வொரு குடிமதிப்பும் என்ன வினாவை எழுப்பிற்று என்பதை அறிந்த பின்னரே அதன் விடையைப் படிக்க வேண்டும் என்பதும், அவ்வாறு படித்தால் முரண்களிற் பெரும்பகுதி முரண்களாகவே எஞ்சா என்பதும் இங்கு நிறுவ முற்படும் கருத்துகள். அறிக்கைகள் சொல்லாத சிலவற்றை மொழியே சொல்லக்கூடும் என்பதும் உடன் ஆராயப்படுகிறது.

2. பெயரில்லாப் பட்டியல்கள்

முன்னோரைத் தேடுவார்க்குக் குடிமதிப்பு பயன்படும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்தில் நூறு ஆண்டு கழிந்ததும் வீட்டுவாரியான படிவங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஜனவரியில் வெளிவந்தன. அமெரிக்காவில் இக்காலவரம்பு 72 ஆண்டு. 1950ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. அந்நாடுகளில் ஒருவர் தம் பாட்டனார் பெயரையே படிவத்தில் காணலாம். வயது பத்தாண்டுக்கு ஏழாண்டாக ஏறுவதையும், பிறந்த ஊர் மாறிமாறி எழுதப்பட்டிருப்பதையும் கண்டு திகைக்கலாம்.

இந்தியாவில் அவ்வாய்ப்பு இல்லை. பழைய கணக்கெடுப்புகளின் கையெழுத்துப் படிவங்கள் அட்டவணைகள் அமைக்கப்பட்ட பின் பொதுவாக அழிக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவோ, கணக்கெடுப்பு அலுவலர் எழுதிய பதிவேடுகளைப் பார்வையிடும் உரிமை எவர்க்கும் இல்லை என்கிறது. சில விலக்குகள் நீங்கலாக அப்பதிவுகள் வழக்குமன்றத்தில் சான்றாகவும் ஏற்கப்படா. மக்கள் அஞ்சாது உண்மை சொல்ல வேண்டும் என்பதற்காக அமைந்த காப்பு இது. இதன் தேவை மறுக்கத்தக்கதன்று. ஆனால் இதன் விளைவாக, இந்தியக் குடிமதிப்பில் ஒரு குடும்பம் தன்னைத் தேடினால் பெயரைக் காணாது; ஒரு தொகையையும் அத்தொகையின் மேல் எழுதிய தலைப்பையுமே காணும்.

எனவே இந்நாட்டில் குடும்ப வரலாறு தேடுவோர் படிக்க வேண்டியவை தலைப்புகளே. தலைப்பு மாறும்போது குடும்பம் மாறிவிட்டதாகத் தோன்றும். அத்தோற்றத்தை ஆராய்வதே அடுத்த பகுதி.

3. ஐந்து தலைமுறை, பல வினாக்கள்

3.1 தொகுதிக்குள் மறைதல்

சென்னை மாகாணத்தில் 1851–52 முதல் ஐந்தாண்டுக்கொரு முறை மக்களை எண்ணும் வழக்கம் இருந்தது. எனினும் விரிவான அறிக்கையாக நமக்குக் கிடைப்பது 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே. அதன் பொறுப்பாளர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் சாதிகளைத் தொழிலோடு சார்த்திச் சில பெருந்தொகுதிகளாக வகுத்தார். நெசவுத் தொழிலோர்க்குரிய தொகுதி கைக்கோளர் என்னும் பெயர் பெற்றது. கைக்கோளர் தமிழ் நெசவுக் குடியினர். தறி ஒன்றாயிருப்பதால் வேற்றுமொழி நெசவாளரும் அத்தலைப்பின் நிழலில் நின்றனர். அப்போது கொள்ளுப்பாட்டனார் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர். அறிக்கையைப் படிப்பவர்க்கு அவர் தமிழ் நெசவாளர் வீட்டுப் பிள்ளையாகவே தோன்றுவார்.

3.2 மொழி வினாவின் மாற்றங்கள்

1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே நாடு முழுவதும் ஒரே நாளில் நிகழ்ந்த முதற் கணக்கெடுப்பு. அதுமுதல் மொழி பற்றிய வினா இடம்பெற்று வருகிறது. ஆனால் வினாவின் சொற்கள் நிலையாக இருந்ததில்லை. 1881இல் தாய்மொழி கேட்கப்பட்டது. 1891இல் பெற்றோர் மொழி கேட்கப்பட்டது. 1901இல் ‘வழக்கமாகப் பயன்படுத்தும் மொழி’ என வினா மாறிற்று. 1911இல் அது ‘வீட்டில் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழி’ என வரையறுக்கப்பட்டது. 1921இல் மீண்டும் ‘வழக்கமாகப் பயன்படுத்தும் மொழி’. 1931இல் மீண்டும் தாய்மொழி.

இவ்வேறுபாடுகள் ஒருமொழிக் குடும்பத்தைப் பாதிப்பதில்லை. மதுரைச் சிற்றூரொன்றில் தமிழ் மட்டும் பேசும் உழவர்க்கு இவ்வினாக்கள் அனைத்துக்கும் விடை ஒன்றே. இருமொழிக் குடும்பத்திற்கோ ஒவ்வொரு வினாவும் ஒவ்வொரு விடையைக் கோருகிறது. நாம் கருதும் குடும்பத்தில் அடுப்பங்கரையிலும் தறிமேடையிலும் சௌராஷ்டிரம். கடைத்தெருவிலும் கச்சேரியிலும் தமிழ். 1901இல் நாற்பதை நெருங்கிய கொள்ளுப்பாட்டனாரிடம் ‘நீர் வழக்கமாகப் பேசுவது என்ன?’ என்று தமிழறிந்த கணக்கெடுப்பாளர் தமிழில் கேட்டிருப்பார். நாளெல்லாம் நூல் வணிகரோடு தமிழில் பேசிய ஒருவர் தமிழ் என்றாலும் பொய்யாகாது. சௌராஷ்டிரம் என்றாலும் பொய்யாகாது. 1891ஆம் ஆண்டு வினாவுக்கு அவர் தந்திருக்கக்கூடிய விடை ஒன்றே. 1901ஆம் ஆண்டு வினாவுக்கு இரண்டு.

ஆகவே 1891, 1901, 1911 ஆகிய ஆண்டுகளின் மொழித் தொகைகளை அடுத்தடுத்து நிறுத்தி, ‘இக்குடியினர் குறைந்தனர்’, ‘பெருகினர்’ என முடிவு கட்டுதல் பொருந்தாது. அவை ஒரே பொருளின் மூன்று அளவைகள் அல்ல. மூன்று பொருள்களின் அளவைகள்.

3.3 எழுதுவோரும் பிரிப்போரும்

வினாவுக்கும் அச்சேறிய அட்டவணைக்கும் இடையே பல கைகள் உண்டு. வீட்டார் சொன்னதைக் கணக்கெடுப்பாளர் தாம் அறிந்த சொல்லால் எழுதினார். 1901 முதல் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தனிச்சீட்டு எழுதி, அச்சீட்டுகளை வகைவகையாகப் பிரித்து எண்ணும் முறை வந்தது. சீட்டைப் பிரிப்பவர் ‘பட்டுநூல்’, ‘கத்ரி’, ‘சௌராஷ்டிரம்’ என்ற சீட்டுகளை ஒரே அறையில் இடுவதா, மூன்று அறைகளில் இடுவதா என்பது அவர்க்குத் தரப்பட்ட அறிவுரையைப் பொறுத்தது. அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்த உடன்பிறந்தார் இருவர் இரு மொழியினராக எண்ணப்படவும், தொடர்பற்ற இரு குடியினர் ஒரு மொழியினராக எண்ணப்படவும் இம்முறையில் இடமுண்டு.

1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு போர்ச் சூழலில் சுருங்கிப்போக, மொழி அட்டவணைகள் வெளிவரவில்லை. மூத்தவரின் குறிப்பேட்டில் அவ்வாண்டுக்குரிய பக்கம் வெறுமையாக இருந்தது. அவ்வெறுமையை அவர் தம் தேடலின் குறை எனக் கருதியிருந்தார். குறை தேடலில் இல்லை. தேடப்பட்ட பொருளே அங்கில்லை.

4. பெயர்களின் வரலாறு

4.1 பட்டுநூலி

‘பட்டுநூலி’ என்னும் மொழிப்பெயர் தனித்து ஆராயத்தக்கது. பட்டு, நூல் என்னும் இரண்டும் தமிழ்ச் சொற்கள். பட்டுநூல்காரர் என்பது அவர்தம் தொழில் கண்டு அயலார் இட்ட பெயர். அப்பெயரோடு குஜராத்தி, மராத்தி என்பவற்றிற் காணும் ஈகார ஈற்றைச் சேர்த்து ஆங்கில அறிக்கைகள் ஒரு மொழிப்பெயரை ஆக்கிக்கொண்டன. தமிழ் வேரும் வடநாட்டு ஈறும் கொண்ட இப்பெயரை அம்மொழி பேசுவோர் தமக்கு இட்டுக்கொள்ளவில்லை, குஜராத்தியரும் இடவில்லை. இந்திய மொழிகளின் அளவாய்வில் கிரியர்சன் இம்மொழியைக் குஜராத்தியைப் பற்றிய பகுதியில் (தொகுதி 9, பகுதி 2, 1908) வைத்துப் பேசினார். அதன் பின் அப்பெயர் மொழியியல் நூல்களிலும் நிலைபெற்றது.

4.2 கத்ரி

1901ஆம் ஆண்டுச் சென்னை அறிக்கை, பட்டுநூல்காரரைத் தமிழ் மாவட்டங்கள் பலவற்றிலும், சிறப்பாக மதுரை நகரிலும் வாழும் அயல்நாட்டு நெசவாளர் என்றும், குஜராத்தியின் கிளையான பட்டுநூலி அல்லது கத்ரி பேசுவோர் என்றும், குஜராத்திலிருந்து வந்தோர் என்றும் குறித்தது. ‘அல்லது’ என்னும் ஒரு சொல் இங்கே பெருங்குழப்பத்திற்கு வாயிலாகிறது. கத்ரி என்னும் பெயர் கன்னட, தெலுங்குப் பகுதிகளில் வாழும் வேறொரு நெசவுக் குடியினர்க்கும் உரியது. பஞ்சாபின் வணிகக் குடியினர்க்கும் உரியது. குறிப்பேட்டில் மூத்தவர் ‘நாம் பஞ்சாபியரா?’ என்று ஓரத்தில் எழுதி வினாக்குறி இட்டிருந்தார். பெயரொப்புமையை உறவொப்புமையாகக் கொள்ளும் இத்தவறு குடும்ப வரலாறு தேடுவோர் பலர்க்கும் நேர்வது.

4.3 சௌராஷ்டிரர்

மூன்றாவது பெயரே அக்குடியினர் தாமே விரும்பிக் கொண்டது. அதன் பின்னணியில் தகுதி பற்றிய நீண்ட வழக்கு ஒன்றுண்டு. இராணி மங்கம்மாள் ஆட்சியில், 1705இல், உபாகருமச் சடங்கு செய்த பதினெட்டுப் பேர் சிறைப்பட்டதும், கற்றோர் அவை கூடி அச்சடங்குக்கு அவர்கள் உரியர் எனத் தீர்த்ததும், மதுரை மாவட்ட விவரச்சுவடியில் (1906) டபிள்யூ. பிரான்சிஸ் எடுத்துரைக்கும் செய்தி. அதே பிரான்சிஸ்தாம் 1901ஆம் ஆண்டுச் சென்னைக் குடிமதிப்புக்கும் பொறுப்பாளர். தர்ஸ்டனின் ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ (1909) இச்செய்திகளைத் தொகுத்துத் தருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குடிமதிப்பு அறிக்கை சாதிகளின் தகுதியை எழுத்தில் நிறுத்தும் களமாக மாறியது. பல குடியினரும் தாம் விரும்பும் பெயரால் எழுதப்பட வேண்டும் என்று முயன்றனர். கிரயப் பத்திரத்தில் பட்டுநூல்காரராக இருந்த கொள்ளுப்பாட்டனாரின் பேரன் பள்ளிச் சான்றில் சௌராஷ்டிர பிராமணராக மாறியது இச்சூழலில்தான். அய்யர், அய்யங்கார், ராவ், சர்மா எனப் பல பட்டப்பெயர்கள் இக்குடியினரிடையே வழங்குவதும் இங்கு நினைக்கத்தக்கது. பட்டப்பெயரை மட்டும் கண்டு ஒரு தாளை இக்குடும்பத்தது அன்று என ஒதுக்குதல் ஆகாது.

பழைய பெயர் முற்றும் மறையவும் இல்லை. தமிழ்நாட்டரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ‘சௌராஷ்டிரா (பட்டுநூல்காரர்)’ என இரு பெயரும் சேர்ந்தே நிற்கின்றன. 1890களின் பத்திரமும் 1920களின் சான்றும் ஒரே குடும்பத்தைச் சுட்டுகின்றன என்பதற்கு இவ்வரி எளிய சான்று.

சௌராஷ்டிரம் என்னும் பெயரும் தெளிவானதன்று. 1948 முதல் 1956 வரை கத்தியவார்ப் பகுதியில் அப்பெயரோடு ஒரு மாநிலமே இருந்தது. அப்பகுதியில் இன்று பேசப்படும் குஜராத்தி வழக்கும் அப்பெயரால் சுட்டப்படுவதுண்டு. மதுரைச் சௌராஷ்டிரம் அதனின் வேறு.

5. மொழி சொல்லும் சான்று

அறிக்கைகள் குடும்பத்தின் பெயரை மாற்றி மாற்றி எழுதின. குடும்பம் வீட்டில் பேசிய மொழியோ அவ்வளவு எளிதில் மாறவில்லை. ஆகவே மொழியைச் சான்றாகக் கொண்டு ஆராய இடமுண்டு. ராண்டல் 1940களிலும், ஐ. ஆர். தவே 1976இலும் இக்குடியினரைப் பற்றி எழுதினர். உசிடா நொரிஹிகோவின் அகராதி 1990இல் வந்தது. இவற்றால் இம்மொழியின் அமைப்பு நமக்குத் தெளிவாகிறது.

இதன் அடித்தளம் மேலை இந்தோ-ஆரியம். தண்ணீர்க்குப் ‘பானி’ என்னும் சொல் குஜராத்தி, மராத்தி இரண்டற்கும் பொதுவானது. ‘என்ன’ என்னும் வினாவுக்கு வழங்கும் ‘காய்’ மராத்தியோடு ஒன்றுபடுகிறது. மூக்கொலிகளையும் இடையொலிகளையும் மூச்சொலியோடு சேர்த்து ஒலிப்பது இம்மொழியின் தனிக்கூறு. இதற்கெனச் சௌராஷ்டிர எழுத்தில் ‘ஹாரு’ என்னும் தனிக்குறியே உண்டு. இத்தகைய ஒலிகள் மராத்தியிலும் காணப்படுகின்றன. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் குறில் நெடிலாக வேறுபடுவதும், அவ்வேறுபாடு எழுத்தில் காட்டப்படுவதும் திராவிட மொழிகளோடு நெடுங்காலம் உறவாடியதன் பயன். தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகியவற்றின் சொற்களும் மிகுதியாகக் கலந்துள்ளன.

குஜராத்திலிருந்து புறப்பட்டுத் தேவகிரி, விஜயநகரம் வழியாக மதுரை வந்தோம் என்பது இக்குடியினரின் மரபுச் செய்தி. திருமண உறுதியின்போது சம்பந்திகள் வினாவும் விடையுமாகச் சொல்லும் உரையிலும் இவ்வழி பேசப்படும். மூத்தவர் அதன் சில தொடர்களை நினைவிலிருந்து சொல்லிக் காட்டினார். அவர் மகனுக்கு அவை தெரியவில்லை. மொழியில் காணும் மராத்தி, கன்னட, தெலுங்குக் கூறுகள் இம்மரபுச் செய்தியோடு இயைகின்றன என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இயைதல் வேறு, நிறுவுதல் வேறு. கடன்சொல் தொடர்பைக் காட்டும். தொடர்பு நிகழ்ந்த இடத்தைக் காட்டாது. மதுரை நாயக்கர் அவையில் தெலுங்கு செல்வாக்குப் பெற்றிருந்ததால், தெலுங்குச் சொற்கள் விஜயநகரத்தில் அன்றி மதுரையிலேயே வந்து சேர்ந்திருக்கலாம். தஞ்சையில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1855 வரை மராத்திய மரபினர் இருந்ததால், கும்பகோணம், அய்யம்பேட்டைப் பகுதிகளின் மராத்திச் சொற்களுக்கும் அண்மைக் காரணம் கூறலாம். ஆனால் வினாச்சொல் போன்ற அடிப்படைக் கூறுகள் அவைத் தொடர்பால் எளிதில் கடனாக வருவன அல்ல. அவை பழைய அடுக்கைச் சேர்ந்தவை எனக் கொள்வதே பொருத்தம். இவ்வாறு கூறுக்குக் கூறு பிரித்தறிந்தாலன்றி மொழிச் சான்றும் குடிமதிப்புத் தலைப்பைப் போலவே நம்மை வழிதவறச் செய்யும்.

இதே எச்சரிக்கை மந்தசோர்க் கல்வெட்டுக்கும் பொருந்தும். லாட நாட்டிலிருந்து தசபுரத்திற்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று கட்டிய சூரியன் கோயிலை, வத்ஸபட்டி பாடிய அச்சமஸ்கிருதக் கல்வெட்டு குறிக்கிறது. கோயில் எழுந்தது மாளவ ஆண்டு 493இல்; செப்பனிடப்பட்டது 529இல், அதாவது கி.பி. 473–74இல். குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் இக்கல்வெட்டே இருந்தது. நெசவாளர் ஊர்விட்டு ஊர் சென்று ஒரு குழுவாகவே வாழ்ந்தனர் என்பதற்கு இது அரிய சான்று. ஆனால் அக்குழுவுக்கும் மதுரைக் குடும்பத்திற்கும் இடையே ஓராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. அதனை முன்னோர் எனச் சுட்டுவது விருப்பம். ஒப்புமை எனச் சுட்டுவதே ஆய்வு. இதனை எடுத்துரைத்தபோது மூத்தவர் வருந்தினாரெனினும் மறுக்கவில்லை. முதற்பக்கத்தை நீக்காமல், தலைப்பை மட்டும் ‘எங்கள் முன்னோர்’ என்பதிலிருந்து ‘நெசவாளர் குடிபெயர்ச்சி’ என மாற்றிக்கொண்டார்.

6. விடுதலைக்குப் பின்

1951 முதல், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தவிர்ந்த பிறரின் சாதி குடிமதிப்பில் எண்ணப்படவில்லை. ஆகவே அதன் பின் இக்குடும்பத்தைக் காட்டும் ஒரே தலைப்பு மொழி. 1961இல் 1652 தாய்மொழிகள் பட்டியலிடப்பட்டன. 1971 முதல் பதினாயிரத்திற்குக் குறைந்தோர் பேசும் தாய்மொழிகளைத் தனித்து வெளியிடும் வழக்கம் கைவிடப்பட்டது. சௌராஷ்டிரம் அவ்வரம்பைக் கடந்ததாகையால் தனித்துக் காட்டப்படுகிறது. ஆயினும் குஜராத்தியின் கீழ். தமிழ்நாட்டில் குஜராத்தி பேசுவோர் என அட்டவணை காட்டும் தொகையின் பெரும்பகுதி, குஜராத்தை நூற்றாண்டுகளாகக் கண்டிராத இந்நெசவாளர் வழியினரே என்பதைத் தலைப்பை மட்டும் படிப்பவர் அறியார்.

2001இல் இந்தியாவில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகக் கூறியோர் 1,85,420 பேர்; 2011இல் 2,47,702 பேர். பத்தாண்டில் ஏறத்தாழ 34 விழுக்காடு உயர்வு. அதே காலத்தில் இவர்களிற் பெரும்பாலோர் வாழும் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 விழுக்காடே உயர்ந்தது. பிறப்பினால் மட்டும் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. முன்னர் தமிழ் என்றோ வேறு பெயரிலோ விடை தந்தோர் பலர் இம்முறை சௌராஷ்டிரம் என்றிருக்க வேண்டும். அல்லது முன்னர் வேறு தலைப்பில் சேர்க்கப்பட்ட விடைகள் இம்முறை இங்கே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். 2011இல் நாடு முழுவதும் மக்கள் தந்த மொழிப்பெயர்கள் 19,569. அவை ஒழுங்குபடுத்தப்பட்டு 1,369 தாய்மொழிகளாக வகைப்பட்டன. இத்துணைப் பெரிய சுருக்கத்தில் ஒரு சிறு மொழியின் தொகை ஏறவும் இறங்கவும் கூடும்.

தாய்மொழி என்பதற்கு 1961க்குப் பின் வழங்கும் வரையறை, ஒருவர்க்குக் குழந்தைப் பருவத்தில் அவர் தாய் பேசிய மொழி என்பது. இதன்படி நோக்கினால் இக்குடும்பத்தின் இன்றைய நிலை கூர்மையாகப் புலப்படும். மூத்தவர்க்குத் தாய் பேசியது சௌராஷ்டிரம், ஐயமில்லை. மகனுக்கும் அதுவே. பேரனுக்கோ, பள்ளியில் பின்தங்கிவிடுவான் என்று அஞ்சிய தாய் தமிழிலேயே பேசி வளர்த்தார். பாட்டி சௌராஷ்டிரத்தில் பேசினார். பேரன் புரிந்துகொண்டு தமிழில் விடை சொன்னான். வரையறைப்படி அவன் தாய்மொழி தமிழ். குடிவழிப்படி சௌராஷ்டிரம். பள்ளிப் படிவத்தில் தமிழ் என்று எழுதியவர் பிழை செய்யவில்லை. ஆனால் அவ்வொரு சொல்லோடு ஐந்து தலைமுறைத் தொடர்ச்சி ஆவணத்திலிருந்து மறைகிறது.

இந்தியாவில் குடிபெயர்ந்தோர் தம் மொழியைக் காத்துக்கொள்வதே இயல்பு, இழப்பதே விலக்கு என 1972இல் பி. பி. பண்டித் எடுத்துக்காட்டினார். தமிழ்நாட்டுச் சௌராஷ்டிரர் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகவும் அமைந்தனர். தறியும் வீடும் ஒன்றாயிருந்த காலத்தில் தொழில்மொழியும் வீட்டுமொழியும் ஒன்றாயிருந்தன. தறி வீட்டைவிட்டு நீங்கிய பின் அக்காப்பு தளர்ந்தது. இக்குடும்பத்தில் அத்தளர்ச்சி நிகழ்ந்தது மூன்றாம் நான்காம் தலைமுறையில் அன்று, கடைசித் தலைமுறையில்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன:

(அ) குடிமதிப்பு அறிக்கைகளின் முரண்களிற் பல, வினா மாறியதால் எழுந்தவை. தொகையைப் படிக்குமுன் அவ்வாண்டின் வினாவையும் கணக்கெடுப்பாளர்க்குத் தரப்பட்ட அறிவுரையையும் படித்தல் இன்றியமையாதது.

(ஆ) பட்டுநூல்காரர், கத்ரி, சௌராஷ்டிரர் என்னும் பெயர்கள் முறையே அயலார் இட்டது, அறிக்கையாளர் கலந்தது, தாமே விரும்பிக் கொண்டது. ‘இதில் எது நாங்கள்?’ என்ற வினாவுக்கு விடை, மூன்றும் ஒரே குடும்பத்தை மூன்று இடங்களில் நின்று நோக்கியவர்களின் சொற்கள் என்பதே.

(இ) மொழிச் சான்று அறிக்கைகளைவிட ஆழமானது. ஆனால் கூறுக்குக் கூறு காலமும் இடமும் பிரித்தறிந்தே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

(ஈ) இந்தியச் சூழலில் குடும்ப வரலாற்றின் முதன்மை ஆவணங்கள் பத்திரம், பள்ளிச் சான்று, திருமண அழைப்பு, சங்கப் பதிவேடு போன்ற வீட்டுத் தாள்களே. குடிமதிப்பு அவற்றைப் பொருத்திப் பார்க்க உதவும் பின்புலம்.

2021இல் நிகழ்ந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்டு அது நடைபெறும் என 2025 ஜூனில் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 1931க்குப் பின் முதன்முறையாக எல்லாரிடமும் சாதியும் கேட்டு எண்ணப்படவுள்ளது. ஆகவே இக்குடும்பம் மீண்டும் இரு வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும்: நீங்கள் யார், உங்கள் மொழி எது. அப்படிவத்தையும் சட்டப்படி எவரும் பார்க்க இயலாது. ஆனால் குடும்பம் தான் தரும் விடையை, அன்று கேட்கப்பட்ட வினாவின் சொற்களோடும் நாளோடும் தன் ஏட்டில் எழுதி வைத்துக்கொள்வதை எச்சட்டமும் தடுக்கவில்லை. கொள்ளுப்பாட்டனார் அவ்வாறு ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை நேர்ந்திராது.

மூத்தவரிடம் இரண்டு செயல்கள் வேண்டப்பட்டன. ஒன்று, அவ்வேட்டைத் தொடங்குதல். மற்றொன்று, திருமண வினாவிடை உரையை அவர் நினைவில் உள்ள அளவில் ஒலிப்பதிவு செய்தல். முதலாவதை அவர் தம் பேரனிடம் ஒப்படைத்துள்ளார். இரண்டாவதன் முதற்பகுதி பதிவாகியுள்ளது. பதிவில் ஓரிடத்தில் சம்பந்தி கேட்கும் வினாவைப் பேரன் சௌராஷ்டிரத்திலேயே படித்திருக்கிறான். தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, மூச்சொலிகளை விட்டுவிட்டு. பாட்டனார் திருத்துவதும் அதே பதிவில் உள்ளது.